ஐம்பது நிறுத்தம், மூன்று நிமிடம்: நேட்டால் கிராமச் சாலைகளில் ஒரு பறவைக் கணக்கெடுப்பு

நாள் 1, வியாழன். டோங்காட்

நாளை விடியலில் எண்ணப்போகும் தடத்தை இன்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். தென் ஆப்பிரிக்காவின் குவாசுலு நேட்டால் மாகாணத்தில், டோங்காட்டிலிருந்து வார்ட்பர்க் பக்கமாக மேட்டுக்கு ஏறும் ஆர் 614 சாலையும், அதிலிருந்து பிரியும் கரும்புத் தோட்டக் கப்பிச் சாலைகளும் சேர்ந்தது இந்தத் தடம். 800 மீட்டருக்கு ஒரு நிறுத்தம். முதல் நிறுத்தத்திலிருந்து ஐம்பதாவது வரைக்கும் 39.2 கிலோமீட்டர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சரியாக 3 நிமிடம் நின்று, 400 மீட்டருக்குள் கண்ணில் படும் பறவைகளையும், தூரக் கணக்கில்லாமல் காதில் விழும் பறவைகளையும் எண்ண வேண்டும்.

முறை வட அமெரிக்காவில் பிறந்தது. டிடிடி பூச்சிக்கொல்லியால் பறவைகள் செத்து விழுந்த காலத்தில், நாடு முழுவதும் பறவைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று சொல்ல யாரிடமும் எண்ணிக்கை இல்லை. சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர் 1966-இல் இந்தச் சாலைக் கணக்கெடுப்பைத் தொடங்கினார். கிராமச் சாலை, 50 நிறுத்தம், 3 நிமிடம், ஆண்டுக்கு ஒரு காலை. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கான தடங்கள் இதே விதிகளில் ஓடுகின்றன. அந்த விதிகளைத்தான் நாங்களும் எடுத்துக்கொண்டோம், மாதத்தை மட்டும் விட்டுவிட்டு. அங்கே பெரும்பாலும் ஜூனில் எண்ணுகிறார்கள். இங்கே ஜூன் என்றால் குளிர்காலம். புல் காய்ந்து கிடக்கும், பல இனங்களில் ஆண் பறவைகள் கோடையின் வண்ணச் சிறகை உதிர்த்துவிட்டுப் பெட்டையைப் போலவே பழுப்பாக இருக்கும், பாட்டும் குறைவு. குவாசுலு நேட்டாலில் அக்டோபரில் மழை பிடித்து, பூச்சியும் புல்விதையும் பெருகி, நவம்பரில் கூடு கட்டுவது உச்சத்துக்கு வருகிறது. ஆகவே நவம்பர் நடுவாரம். போன ஆண்டு எண்ணிய தேதிக்கு ஏழு நாள் முன்பின் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறோம். 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கிய நவம்பர் 16-உம் அந்த வாரத்தில்தான் வருகிறது. அவர்கள் வெட்டிப் பழகிய கரும்பின் நடுவேதான் இந்தத் தடமும் போகிறது.

பகலில் ஓட்டிப் பார்ப்பதற்குக் காரணம், இருட்டில் நிறுத்தத்தைத் தேடினால் காலை கெட்டுவிடும் என்பது. வண்டியின் கிலோமீட்டர் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. புது டயர் மாட்டினாலே அளவு மாறும். 800 மீட்டருக்கு 10 மீட்டர் பிசகினால் ஐம்பதாவது நிறுத்தத்தில் அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்போம். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஜிபிஎஸ் புள்ளி உண்டு, அதோடு கண்ணால் தெரியும் ஓர் அடையாளமும் எழுதி வைக்கிறோம். அடையாளம் சீக்கிரம் மாறாததாக இருக்க வேண்டும். சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர் நல்லது. எண் போட்ட மின்கம்பமும் பரவாயில்லை. "பெரிய தைல மரம்" என்று எழுதுவது கூடாது. இந்த நாட்டில் தைலமரம் வெட்டுவதற்காகவே நடப்படுவது.

இன்று நாங்கள் மிகுந்த நேரம் செலவிட்டது கரும்பின் உயரத்தைக் குறிப்பதில். புதிதாக வருபவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றால் சாலையோரத்திலிருந்து பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது, காதை மட்டும் நம்ப வேண்டும். அதே வயலை வெட்டியிருந்தால் 400 மீட்டரும் திறந்து கிடக்கும். நெட்டைக்காலியும் ஆள்காட்டியும் உண்ணிக்கொக்கும் எண்ணிக்கையில் திடீரென்று கூடும். பறவை கூடவில்லை, பார்வைதான் கூடியது. அதனால் 50 நிறுத்தத்துக்கும் இரண்டு பக்கமும் தனித்தனியாக நாலில் ஒன்றைக் குறிக்கிறோம்: வெட்டியது, முழங்கால் மட்டம், மார்பளவு, ஆளுக்கு மேல். இதற்கே மூன்று மணி நேரம் ஆகிவிடும். ஆனாலும் பத்து ஆண்டு கழித்து வரைபடத்தைப் பார்ப்பவருக்கு இந்த ஒரு பத்தி இல்லையென்றால் மீதி எதுவும் விளங்காது.

சிறு அளவில் கரும்பு போடும் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் இன்னும் உண்டு. அவர்களிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டிய கேள்வி, நாளைக்கு எங்கே தோகை எரிப்பு என்பது. இங்கே அறவை ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை போகும். வெட்டுவதற்கு முன் தோகையை எரிப்பார்கள், அதுவும் காற்று அடங்கிய அதிகாலையில். நமக்கும் அதே அதிகாலைதான் வேண்டும். கேட்டதற்கு ஒரு தாத்தா சொன்னார்:

"நாளைக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் கொளுத்துறாங்க, தம்பி. காத்து திரும்பினா புகை ரோட்டுக்குத்தான் வரும். சனிக்கிழமை வெச்சிக்கோங்க."

"சனிக்கிழமை ஹோவிக் போகணும் தாத்தா. புகை வர்ற எடத்தை மட்டும் குறிச்சுக்கறோம்."

அவர் கைகாட்டிய வயல் எங்கள் 27, 28-ஆம் நிறுத்தங்களுக்கு நேர் எதிரே இருக்கிறது. குறித்துக்கொண்டோம்.

பையில் என்ன என்று கேட்பவர்களுக்கு: 8 மடங்கு பெருக்கும், 42 மில்லிமீட்டர் முகப்புள்ள பைனாகுலர் போதும். 10 மடங்கு கை நடுக்கத்தையும் பெருக்கிக் காட்டும். நிறுத்துக்கடிகாரம், வெப்பமானி, இணையம் இல்லாமல் திறக்கும் வரைபடம், பத்து நிறுத்தத்துக்கு ஒரு தாளாக ஐந்து தாள், மாற்றுத் தாள் இரண்டு. எழுத பென்சில் மட்டும்தான். பேனா மை பனியில் கரைந்துவிடும். ஒளி மின்னும் மேல்சட்டை இரண்டு, முக்கோணப் பலகை, காற்றடித்த மாற்று டயர்.

இருட்டில் ஒரு வண்டி மினுக்கு விளக்கோடு வயலோரமாக நின்று நின்று போனால் திருடர் என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. தடத்தில் இருக்கும் பண்ணைகளின் காவல் வாட்ஸப் குழுவுக்கு வண்டி எண், நிறம், நேரம் எல்லாம் இன்று மாலையே அனுப்பியாயிற்று. ஒருவர் தனியாக இந்தத் தடத்தை எண்ணவே கூடாது.


நாள் 2, வெள்ளி. கரும்புத் தடம்

இன்று சூரியன் எழுவது 4:52. அதற்கு அரை மணி முன்பு, 4:22-க்கு முதல் நிறுத்தம். காற்று பியூஃபோர்ட் அளவில் (காற்றின் வேகத்தைக் கணிக்கும் அளவுகோல்) 1, புகை லேசாகச் சாய்கிறது. வானம் பாதி மேகம். இந்த இரண்டையும் வெப்பநிலையையும் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எழுத வேண்டும்.

வேலை இரண்டு பேருக்கு. எண்ணுபவர் ஒருவர், வண்டி ஓட்டி நேரம் பார்த்து எழுதுபவர் ஒருவர். இஞ்சினை அணைத்து, இறங்கி, கதவைச் சாத்தாமல் ஒட்டினாற்போல் விட்டு, எண்ணுபவர் "சரி" என்றதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். எண்ணுபவர் நின்ற இடத்தை விட்டு நகராமல் மெல்லச் சுற்றித் திரும்பி நாலு திசையும் பார்க்க வேண்டும். எழுதுபவர் சொன்னதை எழுதுவார், வேறொன்றும் பேச மாட்டார். "அண்ணா, உங்களுக்குப் பின்னாடி செண்பகம்!" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லக் கூடாது. இரண்டு ஜோடிக் கண்ணால் எண்ணிய ஆண்டையும் ஒரு ஜோடிக் கண்ணால் எண்ணிய ஆண்டையும் ஒப்பிட முடியாமல் போகும். எண்ணுபவர் தவறவிட்ட செண்பகம் தவறவிட்டதாகவே இருக்கட்டும். அவர் ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய அதே அளவில்தான் தவறவிடுவார். கணக்கு நிற்பது அந்தச் சீரான தவறின் மேல்.

முதல் நாலைந்து நிறுத்தம் காதுக்கு மட்டும். பக்கி ஒன்று தைலமரத் தோப்பில் நடுங்கும் குரலில் கத்தி அடங்கியது. ஓடைப் புதரில் செண்பகம், குடத்திலிருந்து தண்ணீர் கவிழ்வது போன்ற அந்தக் குரல். நேட்டாலில் இதை மழைப்பறவை என்கிறார்கள். பிறகு செந்நெஞ்சுக் குயில். இறங்கு சுரத்தில் மூன்றே தட்டு, ஓயாமல். ஆப்பிரிகான்ஸ் பேசுபவர்கள் காதில் அது "பீட் மை ஃப்ராவ்". சுலு மொழியில் "பேசுகோம்கோனோ", மண்வெட்டியைத் தோளில் எடு, உழவுக்கு நேரமாயிற்று என்ற பொருளில். நம் ஊர் அக்காக்குயிலுக்கு நெருங்கிய உறவு இது. அதைப் போலவே பிறர் கூட்டில்தான் முட்டையிடும். இதன் குரல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கேட்கும், அதனால் அடுத்தடுத்த இரண்டு நிறுத்தத்தில் ஒரே குயிலை எழுதிவிடுவது மிக எளிது. விதி தெளிவானது. முந்தின நிறுத்தத்தில் எண்ணிய அதே பறவை என்று உறுதியாகவோ வலுவாகவோ தோன்றினால் மறுபடி எழுதக் கூடாது. அதற்காகவே தாளின் ஓரத்தில் திசையை ஓர் அம்புக்குறியாகப் போட்டு வைக்கிறோம்.

வெளிச்சம் வந்ததும் தலைக்கு மேல் தகைவிலான்கள். டோங்காட்டுக்குத் தெற்கே மவுண்ட் மோர்லண்ட் நாணல் சதுப்பில் இரவு தங்கும் கூட்டம் இது, அங்கே 30 லட்சம் வரை கூடியதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். விடியலில் இரைதேடி எல்லாத் திசையிலும் பரவும். இவை ஐரோப்பாவில் கூடு கட்டி இங்கே வெயில் காய வருபவை, நம் இனப்பெருக்கக் கணக்கில் வராது. அதற்காக எழுதாமலும் விடக் கூடாது. "வலசை" என்ற தனிப் பத்தியில் பத்துப் பத்தாக மதிப்பிட்டு எழுதுகிறோம். உள்ளூரிலேயே கூடு கட்டும் தகைவிலான் வகைகள் இந்தக் கூட்டத்தோடு கலந்து பறக்கும். அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்தான் நேரம் போகும். முதலில் அவற்றைத் தேடி எண்ணிவிட்டு, கடைசி அரை நிமிடத்தில் கூட்டத்தை மதிப்பிடுவது எங்கள் வழக்கம்.

லாரிகள் 5 மணிக்கே வந்துவிட்டன. மெய்ட்ஸ்டன் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிறவை. ஒரு லாரி கடந்து போக 20 விநாடி ஆகும், அதற்குள் கதிர்க்குருவி பாடி முடித்திருக்கும். அதற்காகக் கடிகாரத்தை நிறுத்துவதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடந்த வண்டிகளை எண்ணி எழுதுகிறோம், இரைச்சல் 45 விநாடிக்கு மேல் நீடித்தால் ஒரு குறி. பின்னாளில் ஒரு நிறுத்தத்தில் பறவை குறைந்ததாகத் தெரிந்தால், குறைந்தது பறவையா, கேட்கும் வாய்ப்பா என்று பிரிக்க இந்த எண் உதவும். தார் ரோட்டில் மஞ்சள் கோட்டுக்கு வெளியே முழுவதுமாக வண்டியை இறக்கி நிறுத்த வேண்டும். சக்கரம் கோட்டைத் தொட்டாலே டாக்சிகள் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே போகும். அது ஆபத்து, இரைச்சலும்கூட.

காற்றைப் பற்றி ஒன்று. பொது விதிப்படி பியூஃபோர்ட் 3 வரை எண்ணலாம், சிறு கிளைகள் ஓயாமல் ஆடும் நிலை அது, மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். கரும்புத் தோட்டத்தில் அவ்வளவு தாங்காது. காற்று 2-ஐத் தாண்டினாலே தோகை உரசும் சத்தம் கதிர்க்குருவியை மூடிவிடும். எங்கள் கருத்தில் இந்தத் தடத்துக்கு வரம்பு 2. தாண்டினால் வேறு நாளைக்கு மாற்றிவிட வேண்டும்.

27-ஆம் நிறுத்தத்தில் தாத்தா சொன்ன புகை. தீ அடங்கிவிட்டிருந்தது, கரி வயலுக்கு மேல் மஞ்சள் மூக்குப் பருந்துகள் வட்டமிட்டன, தரையில் உண்ணிக்கொக்கு வரிசை. தீக்குத் தப்பி வெளியே ஓடிவரும் வெட்டுக்கிளிக்கும் எலிக்கும் வந்தவை. எண்ணினோம், எண்ணத்தான் வேண்டும். ஆனால் "எரிப்பு" என்று நிறுத்தத்தின் மேல் கொட்டையாக எழுதினோம். அங்கே இந்த ஆண்டின் பருந்து எண்ணிக்கை அந்த இடத்தின் பருந்து எண்ணிக்கை அல்ல.

தூக்கணாங்குருவிக் காலனிகள் 33, 34-இல். கூடுகளை எண்ணி இரண்டால் பெருக்குவது பலர் செய்யும் பிழை. ஓர் ஆண் பல கூடு பின்னும், பெட்டை ஏற்காததைத் தானே பிய்த்துப் போடும். கூட்டைப் பார்க்காமல் பறவையை மட்டும் எண்ண வேண்டும், அதிலும் வளர்ந்தவற்றை மட்டும். தாயிடம் வாய் பிளந்து கெஞ்சும் குஞ்சு கணக்கில் இல்லை. காலனியின் பக்கத்திலேயே டீடெரிக் குயில் ஒன்று கத்தியது. பச்சை மினுங்கும் இந்தக் குயில் பெரும்பாலும் தூக்கணாங்குருவிக் கூட்டில் முட்டை வைக்கும், காலனி இருக்கும் இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டால் கிடைத்துவிடும்.

காதை ஏமாற்றும் இரண்டு பேர் இந்தத் தடத்தில் உண்டு. ஒருவர் கரிச்சான். பிற பறவைகளின் அபாயக் குரலை அப்படியே எடுத்துக் கத்தி, அவை பறந்தோடியதும் இரையைப் பிடுங்கிக்கொள்ளும் பறவை அது. கரிச்சான் கம்பியில் இருக்கும்போது ஒரே இடத்திலிருந்து மூன்று வகைக் குரல் வந்தால், கண்ணால் பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள். இன்னொருவர் தெற்கத்திப் பூபூ, புதருக்குள் இருக்கும் கீச்சான் உறவு. ஆண் மணியடித்தது போல் ஒலிக்க, பெட்டை அதே மூச்சில் பதில் கொடுக்கும். இடைவெளி இல்லாததால் ஒரு பறவையின் பாட்டாகவே கேட்கும். இரண்டு என்று எழுத வேண்டும். குக்குறுவானின் ஜோடிப் பாட்டும் அப்படித்தான்.

மைனா எல்லா வீட்டுக் கூரையிலும் இருந்தது. டர்பன் வழியாக இந்த நாட்டுக்குள் வந்த நம் நாகணவாய் இது. வந்தேறி என்பதால் எண்ணாமல் விடும் பழக்கம் சிலருக்கு உண்டு. நாங்கள் ஒன்று விடாமல் எழுதுகிறோம். எந்த வந்தேறி எவ்வளவு வேகத்தில் எந்தப் பக்கம் பரவுகிறது என்று சொல்ல வேறு வழி கிடையாது.

ஐம்பதாவது நிறுத்தம் 8:54-க்கு முடிந்தது. நாலரை மணி நேரம். 150 நிமிடம் நின்றது, மீதி இறங்கி ஏறி ஓடியது. ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் கடைசி நிறுத்தங்களில் பாட்டு அடங்கிவிடும், அந்த எண்கள் மற்ற ஆண்டோடு ஒட்டாது.


நாள் 3, சனி. ஹோவிக்

டோங்காட்டிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாக ஹோவிக் வந்தோம். மதியம் இடியோடு ஆலங்கட்டி மழை, நாளை எண்ண வேண்டிய கார்க்லூஃப் புல்வெளித் தடத்தை ஓட்டிப் பார்ப்பது பாதியில் நின்றது. நவம்பரில் இந்த மேட்டு நிலத்தில் பிற்பகல் மழையை எதிர்பார்த்துத்தான் திட்டமிட வேண்டும், தடம் பார்க்கும் வேலையைக் காலை 11-க்குள் முடித்துவிட வேண்டும். மீதியை மாலை 5 மணிக்கு மேல் பார்த்தோம். கப்பிச் சாலையில் இரண்டு இடத்தில் செம்மண் வழுக்கல், குறித்தாயிற்று. ரொட்டிக்குள் உருளைக்கிழங்குக் கறி சுருட்டி நாளைக்கு வைத்துக்கொண்டோம். பொரி, சிப்ஸ் போன்ற சரசரக்கும் பொட்டலம் வண்டியில் வேண்டாம்.

மழையில் உட்கார்ந்தபோது ஒரு விளக்கம். தென் ஆப்பிரிக்காவுக்கென்றே சாலைக் கணக்கெடுப்பு ஒன்று 1993 முதல் நடக்கிறது. ஜனவரி, ஜூலை மாதங்களின் கடைசிச் சனிக்கிழமை, பெருங்கொக்கு, கானமயில் இனம், நாரை, செயலர் பறவை போன்ற பெரிய பறவைகளை மட்டும் எண்ணுவது. பெரிய பறவைக்கு அது மிகப் பொருத்தம். எங்கள் தடம் அதற்குப் போட்டியல்ல. புல்லுக்குள் இருக்கும் பத்துக் கிராம் எடைக் குருவிக்கு என்ன ஆகிறது என்பது அந்தக் கணக்கில் வராது, அதற்குத்தான் இந்த 3 நிமிட முறை.


நாள் 4, ஞாயிறு. கார்க்லூஃப் புல்வெளித் தடம்

4:25-க்கு முதல் நிறுத்தத்தில் நின்றோம், எண்ணவில்லை. மூடுபனி. முன்னால் இருக்கும் வேலிக் கம்பத்தில் மூன்றாவதே தெரியவில்லை. இந்த மலைச் சரிவுக்குப் பனிப் பட்டை என்றே பெயர், கடலிலிருந்து ஏறும் ஈரக்காற்று இங்கே வந்து படியும். எங்கள் விதி: 400 மீட்டரில் ஒரு மரமாவது தெரியும் வரை காத்திருக்க வேண்டும், ஆனால் 45 நிமிடத்துக்கு மேல் இல்லை. அதற்கு மேல் போனால் அன்றைய காலையைக் கைவிட்டுவிட்டு மறுநாள் வர வேண்டும். பனிக்குள் எண்ணத் தொடங்கினால் புல்வெளிப் பறவையில் பாதி விட்டுப்போகும். இன்று 5 மணிக்குப் பனி மேலே ஏறியது, தொடங்கினோம். தாமதத்தையும் எழுதினோம்.

புல்வெளியில் வேலை வேறு. பழுப்பில் கோடு போட்ட, கைப்பெருவிரல் அளவுக் கதிர்க்குருவிகள் அரை டஜன் வகை, கண்ணால் பிரிக்க நினைத்தால் 3 நிமிடத்தில் ஒன்றுகூட முடியாது. இடமும் குரலும்தான் வழி. ஓடைக்கரை ஈரப்புல்லில் நாணல் நுனியில் உட்கார்ந்து வேகமாகக் கொட்டுவது லெவாய்யான் வகை. பாறையும் உயரப்புல்லும் கலந்த சரிவில் அழுவது போல் இழுப்பது அழுமூஞ்சிக் கதிர்க்குருவி. குட்டைப் புல்லுக்கு மேல் கண்ணுக்கெட்டாத உயரத்தில் பறந்துகொண்டே "ட்சீ" என்று மெல்லிய ஊசிக்குரல் விட்டு, இறங்கும்போது சிறகைச் சொடுக்குவது இன்னொன்று. தமிழ்நாட்டு வயல்களில் இருக்கும் விசிறிவால் கதிர்க்குருவியும் இங்கே உண்டு. "ஜிட்... ஜிட்..." என்று ஒவ்வொரு அலைக்கும் ஒரு தட்டாகப் பறக்கும், அதை மட்டும் நம்மவர்கள் முதல் நாளே பிடித்துவிடுவார்கள்.

அந்த ஊசிக்குரல்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. வயது ஏற ஏற முதலில் மங்குவது உயர்ந்த சுரங்களைக் கேட்கும் திறன். எண்ணுபவருக்கு ஐம்பது தாண்டிய பிறகு ஊசிக்குரல் குருவிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைவதாகத் தாளில் தெரியும், வெளியில் அவை அப்படியே இருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காது பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குறை தெரிந்தால் தடத்தை மனமுவந்து இளையவரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும் ஆண்டையும் தாளில் எழுத வேண்டும், ஏனென்றால் புதியவரின் முதல் ஆண்டு எண்ணிக்கை பெரும்பாலும் குறைவாகவே வரும். வட அமெரிக்கத் தரவுகளில் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். அங்கே போக்கைக் கணக்கிடும்போது ஆளின் முதல் ஆண்டுக்குத் தனிச் சரிசெய்தல் உண்டு.

18-ஆம் நிறுத்தத்தில் சகபூலா. சுலு வீரர்களின் தலைச்சூட்டில் இருந்த கறுப்பு இறகு இந்தக் குருவியுடையது. கரிய ஆண், தோளில் சிவப்பு, உடலைவிடப் பல மடங்கு நீண்ட வால். புல்லுக்கு மேல் அந்த வாலைத் தொங்கவிட்டு மெதுவாக மிதந்து போவதைப் பார்க்கும் முதல் ஆண்டில் பலர் எண்ண மறந்துவிடுகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, வால் நனைந்தால் ஆண் பறக்காது, புல்லுக்குள் உட்கார்ந்திருக்கும். பனியில் நனைந்த காலையில் முதல் பத்து நிறுத்தத்தில் ஒன்றும் இல்லாமல், வெயில் ஏறியபின் திடீரென்று எங்கும் இருக்கும். இன்றும் அப்படித்தான். தொடங்கும் நேரத்தையும் புல்லின் ஈரத்தையும் எழுதாமல் விட்டால் இந்த ஆண்டு எண்ணிக்கையைப் போன ஆண்டோடு வைத்துப் படிக்க முடியாது. ஓர் ஆணின் இடத்தில் பல பெட்டைகள் கூடு கட்டும். அவை பழுப்பாகப் புல்லோடு ஒட்டிக் கிடக்கும். ஆகவே நாம் எண்ணுவது பெரும்பாலும் ஆண்களை. மொத்தம் எத்தனை என்று இந்த எண் சொல்லாது, கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லும்.

ஹடிடா அரிவாள் மூக்கன்கள் விடியலில் மரத்தைவிட்டுக் கிளம்பிச் சாலையோரமாகவே கத்திக்கொண்டு போகும், நாம் போகும் அதே திசையில். மூன்று நிறுத்தத்துக்கு அதே ஏழு பறவை. எண்ணிக்கையும் திசையும் எழுதி வைத்தவருக்குச் சிக்கல் இல்லை.

பெருங்கொக்கு. கார்க்லூஃபில் தென் ஆப்பிரிக்காவின் மூன்று வகையும் உண்டு: தேசியப் பறவையான நீலம், சாம்பல் முடிக்கொக்கு, தாடை தொங்கும் பெருங்கொக்கு. மூன்றாவதன் நிலை மிகவும் இக்கட்டு. பெரும்பாலும் குளிர்காலத்தில், ஈரநிலத்தில் கூடு வைக்கும், முட்டை இரண்டு இருந்தாலும் வளர்ப்பது ஒரே குஞ்சு. தடத்தில் பெருங்கொக்கு தெரிந்தால் நிறுத்த எண்ணை மட்டும் எழுதுகிறோம், திசை போடுவதில்லை, படம் எடுப்பதில்லை, வண்டியை விட்டு ஓர் அடியும் நெருங்குவதில்லை. கூட்டைவிட்டு எழுப்பிய ஐந்து நிமிடத்தில் காக்கை முட்டையை எடுத்துவிடும். நீலத் தகைவிலானுக்கும் இதே கட்டுப்பாடு. பனிப் பட்டைப் புல்வெளியில், நிலப்பன்றி (ஆர்ட்வார்க்) தோண்டிய வளையின் உட்கூரையில் மண்கூடு ஒட்டும் பறவை அது. புல்வெளி பைனாகவும் தைலமரமாகவும் மாறியதில் இந்த நாட்டில் மிகச் சில ஜோடிகளே மிஞ்சியிருக்கின்றன. எங்கே பார்த்தோம் என்று நாங்கள் எப்போதும் வெளியே சொல்ல மாட்டோம். இங்கேயும் சொல்லவில்லை.

பார்த்ததைக் காட்ட வேண்டும் என்று குரல்பதிவைப் போட்டுப் பறவையை வரவழைப்பது இந்த முறையில் முற்றிலும் விலக்கு. உதட்டால் "பிஷ்" ஒலி எழுப்புவதும் அப்படியே. வந்த பறவை நாம் வரவழைத்தது, அங்கே இருந்ததன் கணக்கு அல்ல. அதோடு குஞ்சுக்கு இரை கொடுக்கும் நேரத்தில் ஆணைச் சண்டைக்கு இழுத்துவிடுகிறோம்.

அமூர் வல்லூறு இன்னும் வரவில்லை. சைபீரியாவிலிருந்து நாகாலாந்தில் இறங்கி, அரபிக் கடல் தாண்டி, இங்கே பெரும்பாலும் நவம்பர் இறுதி, டிசம்பரில்தான் கம்பிகளில் வரிசை கட்டும். வந்திருந்தாலும் வலசைப் பத்திதான்.

9:31-க்கு ஐம்பது முடிந்தது. முடிவில் காற்று 2.


நாள் 5, திங்கள். தாள்

தட்டச்சு. அன்றைய தாளை அன்றே பார்த்துவிட வேண்டும் என்பது விதி, நேற்று மாலை ஒரு முறை சரிபார்த்தோம். இன்று ஒருவர் வாசிக்க, மற்றவர் அடிக்கிறார். பிறகு ஆளை மாற்றி, அடித்ததை வாசித்துத் தாளோடு ஒப்பிடுகிறோம். வழக்கமான பிழைகள் மூன்று: நிறுத்தம் ஒரு வரி கீழே இறங்கிவிடுவது, 1-ஐ 7 என்று படிப்பது, சுருக்கக் குறியில் தவிட்டுப்புறாவும் கழுத்துவளையப் புறாவும் மாறிவிடுவது. முதல் பிழைதான் கொடியது. 12-ஆம் நிறுத்தத்தில் விட்ட ஒரு வரி மீதி 38 நிறுத்தத்தையும் தப்பாக்கிவிடும்.

ஒன்றும் இல்லாத நிறுத்தத்துக்கு 0 போட வேண்டும், காலியாக விடக் கூடாது. காலி என்றால் எண்ணவில்லை என்று பொருள். கரும்புத் தடத்தில் 41-இல் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் ஆளுக்கு மேல் கரும்பு, லாரி ஐந்து. 0 போட்டோம். நிறுத்தங்களுக்கு இடையில் ஓடும்போது கண்ட நல்ல பறவைகள், 22-க்கும் 23-க்கும் நடுவே கம்பத்தில் நின்ற நீள்கொண்டைக் கழுகு உட்பட, இந்தக் கோப்பில் கிடையாது. அவற்றுக்கு 2007-இல் தொடங்கிய இரண்டாவது தென்னாப்பிரிக்கப் பறவை அட்லஸ் இருக்கிறது. அதில் அட்சரேகையில் 5 நிமிடம், தீர்க்கரேகையில் 5 நிமிடம் கொண்ட கட்டம், ஏறக்குறைய 9-க்கு 8 கிலோமீட்டர். குறைந்தது இரண்டு மணி நேரம் தேடி, பறவை இனங்களைப் பார்த்த வரிசையில் பதிய வேண்டும், எண்ணிக்கை கட்டாயமில்லை. தடம் முடிந்த பிற்பகலில் அந்த அட்டையையும் நிரப்பிவிடலாம், பெட்ரோல் ஏற்கெனவே செலவழித்தாயிற்று.

அடுத்த ஆண்டு ஓட்டுபவருக்குக் குறிப்பு. கார்க்லூஃப் 22: தைலமரத் தோப்பு வெட்டப்பட்டுவிட்டது, அடையாளத்தை வெள்ளைக் கதவுத்தூணுக்கு மாற்றியிருக்கிறோம், ஜிபிஎஸ் புள்ளி பழையதே. வெட்டிய இடத்தில் சீகை முளைக்கிறது, உயரத்தை எழுதுங்கள். 36: வழுக்கல், மழை பெய்திருந்தால் இரண்டாம் கியர். கரும்புத் தடம் 9: சிறுபாலத்தின் இடது கைப்பிடிச் சுவர் உடைந்துவிட்டது, வலப்பக்கத்தைப் பாருங்கள். நிறுத்துக்கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. பென்சில் மூன்று வாங்க வேண்டும்.